பழக்கத்தை மாற்ற நடத்தை சிகிச்சை வழி: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

நகம் கடிப்பது, ராத்திரி படுக்கையில் போனைத் தள்ளிக்கொண்டே கிடப்பது, வேலையைத் தள்ளிப்போடுவது, சட்டென்று கத்திவிடுவது. இதையெல்லாம் விட நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்குகிறார்கள்: "நாளையிலிருந்து நிறுத்திவிடுகிறேன்." நடத்தை சிகிச்சையில், அதாவது ஒரு செயலையும் அதற்கு முன்னும் பின்னும் நடப்பதையும் கவனித்து மாற்றும் மனநல சிகிச்சையில், நிறுத்தும் கட்டம் பாதி வழி போன பிறகுதான் வருகிறது. அந்தப் பழக்கம் உங்களுக்கு என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அதற்கு முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் மன உறுதியை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கும். களைத்துப்போன சாயங்காலத்தில் மன உறுதி கைகொடுப்பதில்லை.

வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியில் கிடைத்த தகவல் தேவைப்படும்.

1. தொடங்கும் முன்

முதலில், யார் இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுபவர்கள், உயிரை விடும் எண்ணம் வருபவர்கள், சாப்பாட்டை மறுப்பது அல்லது சாப்பிட்டு வாந்தி எடுப்பது என்ற நிலையில் இருப்பவர்கள், பழைய கொடுமை ஒன்று கண்முன் திரும்பத் திரும்ப நடப்பதுபோல் உணர்பவர்கள், இவர்களும் நிபுணரிடம்தான் தொடங்க வேண்டும். கீழே உள்ள முறைகள் அவர்களுக்கும் பயன்படும். ஆனால் பக்கத்தில் வழிகாட்ட ஆள் வேண்டும்.

மற்றவர்களுக்குத் தேவையானவை கொஞ்சம்தான். சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு, அல்லது போனில் குறிப்பு எழுதும் ஆப். துணைக்கு, விஷயத்தைச் சொன்னால் கேலி செய்யாத ஒருவர். வீடு மாறுவது, பரீட்சை, கல்யாண வேலை என்று எதுவும் குறுக்கே வராத இரண்டு வாரம்.

பழக்கங்களுக்கென்றே இருக்கும் ஆப்பை உடனே இறக்க வேண்டாம். செய்தீர்களா இல்லையா என்ற கணக்கைத்தான் அவை பெரும்பாலும் வைக்கின்றன. நமக்கு வேண்டியது ஏன் செய்தோம் என்பது.

2. ஒரே ஒரு பழக்கம், கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக

"கோபத்தைக் குறைக்க வேண்டும்", "சோம்பலை விட வேண்டும்" என்று எழுதினால் வேலை அங்கேயே நின்றுவிடும். கோபத்தை எண்ண முடியாது. குரலை உயர்த்தியதை எண்ணலாம். பக்கத்தில் ஒரு வீடியோ கேமரா இருந்தால் அதில் பதிவாகுமா என்று கேட்டுப் பாருங்கள். பதிவாகும் என்றால் அது செயல்.

"பிள்ளைகளிடம் சத்தம் போடுவது." "படுத்த பிறகு போனைக் கையில் எடுப்பது." "அறிக்கையைத் திறந்துவிட்டு வேறு பக்கத்துக்குப் போவது." இப்படி எழுதுங்கள்.

ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். புதுவருடப் பட்டியல்போல் நாலைந்தை ஒன்றாக ஆரம்பிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாரத்தில் எதற்கான குறிப்பும் நோட்டில் இருக்காது. மிகப் பெரிய பழக்கத்தோடுதான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. தினமும் சில தடவையாவது நடக்கும் ஒன்றாக இருந்தால் போதும். மாதத்துக்கு ஒருமுறை நடப்பதில் பயிற்சிக்கு வாய்ப்பே கிடைக்காது.

3. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும் படி இதுதான். மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்கள்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தீர்கள், உடனே பின்னால் என்ன கிடைத்தது. முன்னால் என்பதில் நேரம், இடம், கூட இருந்தவர், மனதில் ஓடிய எண்ணம், உடம்பில் தெரிந்த மாற்றம் எல்லாம் அடங்கும். உணர்ச்சிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள்.

ஒரு குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இரவு 10.40, படுக்கை. நாளைய மீட்டிங் ஞாபகம் வந்தது, நெஞ்சில் படபடப்பு 6. போனை எடுத்தேன், வீடியோ. ரெண்டு நிமிஷத்தில் படபடப்பு 2. பதினொன்றரைக்கு நிறுத்தினேன். கண் எரிச்சல், என்மேலேயே வெறுப்பு."

இதில் "ரெண்டு நிமிஷத்தில் படபடப்பு 2" என்பதுதான் தங்கம். புதிதாக எழுதுபவர்கள் அதை விட்டுவிட்டு "என்மேலேயே வெறுப்பு" என்பதை மட்டும் எழுதுவார்கள். வெறுப்பு வந்தது முக்கால் மணி நேரம் கழித்து. பழக்கத்தைக் கெட்டிப்படுத்துவது செயலுக்கு அடுத்த சில நொடிகளில் கிடைப்பது. பின்னால் வரும் தண்டனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உடனே கிடைக்கும் சின்ன நிம்மதியை அது பெரும்பாலும் வெல்வதில்லை.

ராத்திரி உட்கார்ந்து நாள் முழுவதையும் நினைவிலிருந்து எழுதாதீர்கள். நினைவு தனக்கு வேண்டியபடி கதையைத் திருத்திவிடும். நடந்ததும் இரண்டு வரி கிறுக்கினால் போதும். "மறுபடியும் தோற்றேன்" என்பதுபோன்ற தீர்ப்பு வாசகங்களும் வேண்டாம். அவற்றில் தகவல் இல்லை. இரண்டு நாள் தீர்ப்பாக எழுதினால் மூன்றாவது நாள் நோட்டைத் திறக்கவே மனம் வராது.

எழுதத் தொடங்கியதுமே பழக்கம் கொஞ்சம் குறையலாம். கவனிக்கப்படும் செயல் மாறுவது தெரிந்த விஷயம்தான். "சரி, போய்விட்டது" என்று நோட்டை மூடிவிடாதீர்கள். கவனிப்பு நின்றதும் திரும்பி வரும்.

4. அது என்ன கொடுக்கிறது என்று பாருங்கள்

வாரம் முடிந்ததும் குறிப்புகளை மொத்தமாகப் படியுங்கள். "உடனே கிடைத்தது" என்ற பகுதிக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். பெரும்பாலும் நாலு வகைக்குள் வந்துவிடும்: ஒரு சங்கடத்திலிருந்து தப்பித்தல், இன்பம், அடுத்தவர் கவனம், உடம்பின் உணர்வு (வாய்க்கும் கைக்கும் ஏதோ ஒரு வேலை).

இன்பத்துக்காக நடப்பதாக நாம் நினைக்கும் பழக்கங்களில் நிறைய உண்மையில் தப்பித்தலுக்காக நடப்பவை. வேலையைத் தள்ளிப்போடுபவர் சுகமாக இருக்க நினைத்துத் தள்ளிப்போடுவதில்லை. அந்தக் கோப்பைத் திறந்தால் வயிற்றில் ஒரு கலக்கம் வருகிறது, மூடினால் போய்விடுகிறது. மூடுவதற்குக் கிடைக்கும் கூலி அந்தக் கலக்கம் போவதுதான். இது தெரியாமல் "சுறுசுறுப்பாக இரு" என்று சொல்வதில் பயன் இல்லை.

ஒரே செயல் வேறு வேறு நேரத்தில் வேறு வேறு கூலிக்காக நடக்கலாம். காலையில் போன் எடுப்பது அலுப்பைப் போக்க, இரவில் எடுப்பது பயத்தை மறக்க என்றால் இரண்டையும் தனித்தனிப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நடக்கும் வகையை முதலில் எடுங்கள்.

கடைசியில் ஒரே வாக்கியம் எழுத வர வேண்டும்: "இந்த நிலைமையில், இந்த உணர்வு வரும்போது, இதைச் செய்கிறேன், ஏனென்றால் உடனே இது கிடைக்கிறது." வாக்கியம் வரவில்லை என்றால் இன்னும் சில நாள் எழுதுங்கள். யூகத்தில் நிரப்பிக்கொண்டு அடுத்த படிக்குப் போனவர்கள் பிறகு இங்கேயே திரும்பி வருவார்கள்.

5. சூழலை மாற்றுங்கள்

"முன்னால்" பகுதியில் திரும்பத் திரும்ப வரும் இடத்தையும் பொருளையும் எடுத்து, செயலுக்கும் உங்களுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்குங்கள். போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வேலை நேரத்தில் தேவையில்லாத ஆப்பிலிருந்து லாக் அவுட் ஆகிவிடுங்கள்.

முழுத் தடை தேவையில்லை. அரை நிமிடத் தாமதம் கிடைத்தாலே, யோசிக்காமல் நடந்த செயல் யோசித்துச் செய்யும் செயலாகிவிடும். அடுத்த படிக்கு அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும்.

6. அதே கூலியைத் தரும் மாற்றுச் செயல்

"செய்யாதே" என்பதைப் பழக முடியாது. அந்த இடத்தில் வேறு ஏதாவது செய்துதான் பழக முடியும்.

கை, வாய் சம்பந்தப்பட்ட பழக்கங்களுக்கு, அதாவது நகம் கடிப்பது, முடி பிடுங்குவது, தோலைக் கிள்ளுவது போன்றவற்றுக்கு, உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரிகரி நன்னும் 1973ல் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சி இன்றைக்கும் அடிப்படை முறை. முதலில் செயல் எங்கே தொடங்குகிறது என்று பிடிக்க வேண்டும். கை வாய்க்குப் போகும் முன் விரலால் நக ஓரத்தைத் தடவிப் பார்ப்பீர்கள், அதுதான் முன்னறிவிப்பு. அது தெரிந்த உடனே, பழக்கத்தோடு சேர்ந்து செய்யவே முடியாத ஒன்றைச் செய்யுங்கள்: முஷ்டியை மெல்ல மூடிக்கொள்வது, கையைத் தொடைக்கு அடியில் வைப்பது. ஒரு நிமிடமாவது, முடிந்தால் உந்துதல் அடங்கும் வரை, அப்படியே வைத்திருங்கள்.

மாற்றுச் செயல் அடுத்தவர் கண்ணை உறுத்தாததாக இருக்கட்டும். பந்தைப் பிசைவது வீட்டில் நடக்கும், மீட்டிங்கில் நடக்காது. எங்கேயும் செய்யக்கூடியதுதான் நிலைக்கும்.

தப்பித்தலுக்காக நடக்கும் பழக்கத்துக்கு முஷ்டி போதாது. படபடப்பைக் குறைக்கப் போனை எடுப்பவருக்கு, படபடப்பைக் குறைக்கும் வேறு வழி வேண்டும். நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரியாக எழுதிவைப்பது, மூச்சை மெதுவாக நீட்டி விடுவது. தள்ளிப்போடுபவருக்கு, கலக்கம் வராத அளவுக்கு வேலையைச் சிறிதாக்குவது: கோப்பைத் திறந்து ஐந்து நிமிடம், தலைப்பை மட்டும் திருத்துவது. கூலி பொருந்தாத மாற்று எத்தனை நல்லதாக இருந்தாலும் ஒரு வாரம் தாண்டாது. இரவுப் பயத்துக்கு மாற்றாக அதிகாலை ஓட்டத்தை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஓட்டம் நல்லதுதான், ஆனால் பயம் வருவது ராத்திரி பத்தரைக்கு.

முடிவு செய்ததை "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்ற வடிவில் எழுதுங்கள். "படுத்த பிறகு நாளையைப் பற்றிய எண்ணம் வந்தால், எழுந்து மேஜையில் இருக்கும் காகிதத்தில் எழுதுவேன்." அந்த நேரத்தில் முடிவெடுக்கும் சுமை இருக்காது. மனம் அமைதியாக இருக்கும்போது சில முறை நடித்தும் பாருங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. உணர்ச்சி ஏறிய நேரத்தில் முதல் தடவையாக ஒன்றைச் செய்ய யாராலும் முடியாது.

7. உந்துதல் வரும்போது

மாற்றுச் செயல் இருந்தும் சில நேரம் கை நமநமக்கும். அப்போது அந்த எண்ணத்தை விரட்டாதீர்கள். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது அடிக்கடி நினைவுக்கு வந்ததை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987ல் காட்டினார். பழக்கத்தின் நினைவுக்கும் இதே கதிதான்.

குடி, புகை ஆகியவற்றிலிருந்து மீள்பவர்களுக்காக உளவியலாளர் ஆலன் மார்லட் சொன்ன வழி வேறு: உந்துதலை அலைபோல் வந்து போக விடுவது. உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தொண்டையிலா, விரல் நுனியிலா? 0 முதல் 10க்குள் எவ்வளவு? அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை மாற்றிச் சொல்லுங்கள். ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். இணங்கினால்தான் அடங்கும் என்று நம்பிக்கொண்டிருந்த மனம், இணங்காமலும் அது அடங்குவதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

உச்சியில் இருக்கும்போது "சரி, ஒரே ஒரு தடவை" என்று விட்டுக்கொடுப்பது இங்கே நடக்கும் பெரிய பிழை. எண் 8 ஆனால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அடுத்த தடவையும் அது 8 வரை ஏறிப் பார்க்கும்.

8. உணர்ச்சிகளுக்கு இதே முறை, ஆளுக்குத் தக்க மாற்றத்தோடு

உணர்ச்சியை நேரடியாக மாற்ற முடியாது. அது வந்ததும் நாம் செய்வதை மாற்றலாம். அந்தச் செயல்தான் உணர்ச்சி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

எண் 8க்கு மேல் போய்விட்டால் யோசனை எதுவும் வேலை செய்யாது. முதலில் உடம்பு. இழுப்பதைவிட நீளமாக மூச்சை விடுங்கள், நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள், சில நிமிடம். அல்லது இடத்தை விட்டு வெளியே போய் வேகமாக நடங்கள். பேச்சு அப்புறம்.

கோபம்: உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய சிகிச்சை முறையில் எதிர்ச்செயல் என்று ஒன்று உண்டு. உணர்ச்சி எதைச் செய்யத் தள்ளுகிறதோ அதற்கு நேர் எதிரானதைச் செய்வது. கோபம் முன்னே பாயச் சொன்னால் ஓரடி பின்னால் போய் உட்காருங்கள், குரலைத் தாழ்த்துங்கள், விரல்களை விரித்து வையுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: நடந்ததற்கு இந்தக் கோபம் பொருத்தமா? உண்மையிலேயே அநியாயம் நடந்திருந்தால் எதிர்ச்செயல் தேவையில்லை, தெளிவாகப் பேசுவதுதான் தேவை. எல்லாக் கோபத்தையும் விழுங்கச் சொல்லும் பயிற்சி இது என்று எடுத்துக்கொள்பவர்கள் கொஞ்ச நாளில் இன்னும் பெரிதாக வெடிக்கிறார்கள்.

பயம்: விலகினால் அந்த நிமிடம் நிம்மதி, அடுத்த தடவை பயம் கூடுதல். அதனால் படிக்கட்டு போடுங்கள். போனில் பேசப் பயப்படுபவர் என்றால், பதிவு செய்த குரல் மட்டும் வரும் எண்ணுக்கு அழைப்பது முதல் படி. ஒரு கடைக்கு அழைத்து எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்பது அடுத்தது. தெரிந்தவர், தெரியாதவர், கடைசியில் புகார் சொல்வது என்று ஏறலாம். ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் "என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்" என்பதை எழுதுங்கள், முடிந்ததும் உண்மையில் நடந்ததை எழுதுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாடம். ஒரே படியை அலுத்துப்போகும் வரை செய்துவிட்டு மேலே ஏறுங்கள்.

இதில் ஒளிந்திருக்கும் தடை சின்னச் சின்னப் பாதுகாப்புகள். பேச வேண்டியதை வரிக்கு வரி எழுதிவைத்து வாசிப்பது, துணைக்கு ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைப்பது. அழைப்பு நன்றாக முடிந்தாலும் "காகிதம் இருந்ததால் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். முதல் சில தடவைக்கு இருக்கட்டும், அப்புறம் எடுத்துவிடுங்கள்.

சோர்வு: மனம் வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. இங்கே செயல் முதலில், மனநிலை பின்னால். நாளைக்கு இரண்டே வேலைகளைக் கடிகார நேரத்தோடு எழுதுங்கள்: ஒன்று பிடித்தது, ஒன்று முடித்தால் திருப்தி தருவது. "குளிப்பது, 9 மணி" என்ற அளவு போதும். நேரம் வந்ததும் மனநிலையைக் கேட்காமல் செய்யுங்கள். முடித்தபின் எவ்வளவு பிடித்திருந்தது, எவ்வளவு சாதித்ததாகத் தோன்றியது என்று எண் போடுங்கள். சோர்ந்த மனம் எல்லாமே வீண் என்று சொல்லும். எண்கள் 2, 3 என்று வந்தாலும் பூஜ்யம் இல்லையே என்று காட்டும்.

கவலை: தாமஸ் போர்கோவெக்கும் குழுவினரும் 1983ல் சோதித்த எளிய வழி. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்பட ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வரியில் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். அந்த அரை மணியைப் படுக்கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், தூங்கும் நேரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

9. சின்னப் பரிசு, உடனே

மாற்றுச் செயலைச் செய்த கையோடு ஒரு சின்ன நல்லது கிடைக்கட்டும். நோட்டில் ஒரு டிக், துணைக்கு இருப்பவருக்கு ஒரு செய்தி. மாதக் கடைசியில் பெரிய பரிசு என்பது ரொம்பத் தூரம். தண்டனை வைத்துக்கொள்ளாதீர்கள். செயலைவிட வேகமாக அது நோட்டு எழுதுவதைத்தான் நிறுத்தும்.

10. ஏறுவதும் சறுக்குவதும்

கூலி கிடைக்காமல் போனதும் பழக்கம் முதலில் வேகம் எடுக்கலாம். ஆரம்ப நாட்களில் உந்துதல் முன்னைவிடக் கடுமையாக வரலாம். முறை தோற்றதாக நினைத்துப் பலர் விடுவது இந்த இடத்தில்தான். பழைய கூலி தடைபட்டால் இப்படி நடப்பது உண்டு. தொடருங்கள், தணியும்.

ஒரு நாள் சறுக்கினால், சறுக்கல் செய்யும் சேதத்தைவிட "எல்லாம் போச்சு, இனி எப்படிப் போனால் என்ன" என்ற எண்ணம் செய்யும் சேதம் அதிகம். அதனால் சறுக்கலையும் அதே மூன்று பகுதிகளில் எழுதுங்கள். பெரும்பாலும் நோட்டில் இதுவரை இல்லாத ஒரு நிலைமை அங்கே இருக்கும்: வெளியூர்ப் பயணம், தூக்கமில்லாத இரவு. அதற்கும் ஒரு "இப்படி நடந்தால்" வாக்கியம் சேர்த்துவிட்டு அடுத்த வேளையிலிருந்தே பழையபடி தொடருங்கள், அடுத்த திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்.

21 நாளில் பழக்கம் மாறும் என்ற பேச்சை நம்பி நாள் எண்ணாதீர்கள். பிலிப்பா லாலியும் குழுவினரும் 2010ல் வெளியிட்ட ஆய்வில், புதிய செயல் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. அது புதிய பழக்கம் உருவாவதைப் பற்றிய ஆய்வு. பழையதை மாற்றும்போது பழையதன் இழுப்பும் சேர்ந்துகொள்ளும்.

11. எப்போது நிபுணரிடம் போவது

ஆறு வாரம் ஒழுங்காக எழுதியும் செய்தும் எண்ணிக்கையில் அசைவே இல்லை என்றால், அல்லது ஒரு பழக்கம் குறைந்து இன்னொன்று கூடுகிறது என்றால், நாலாவது படியில் எழுதிய வாக்கியம் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். கூலியை வெளியிலிருந்து பார்ப்பவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலும், வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாத நிலை வந்தாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். முதல் சில சந்திப்புகளில் அவர்கள் கேட்டுத் திரட்ட வேண்டிய விவரம் அதில் இருக்கிறது. நடத்தை சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையே வீட்டில் என்ன பயிற்சி தருவார், முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார் என்றும் கேளுங்கள். இந்த முறையில் வேலை செய்பவர் இரண்டுக்கும் நேரடியாகப் பதில் சொல்வார்.